பிறப்பைப் பார்த்துக் கதவைச் சாத்தினால்: சிங்கப்பூர் முதல் செக்காலை வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் (செக்காலை இந்த ஊரின் ஒரு பகுதி) கல்லூரிச் சேர்க்கைக்கும் கல்வி உதவித்தொகைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன். படிவம் முடிந்த பிறகும் எழுந்து போகாமல், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சிலர் மெதுவாகக் கேட்பார்கள். அந்தக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

"பாகுபாடுன்னா என்னண்ணே? யாராச்சும் மூஞ்சிக்கு நேரா திட்டினாத்தானே அது கணக்கு?"

திட்டுவது அதில் சின்னப் பகுதி. வேலை, வீடு, கடன், கல்லூரி இடம் என்று ஏதோ ஒன்றைத் தருவதா வேண்டாமா என்ற முடிவு இன்னொருவர் கையில் இருக்கிறது. அவர் உங்கள் பிறப்பை வைத்து அந்த முடிவை எடுத்தால் அது பாகுபாடு. சிரித்த முகத்தோடு காபி கொடுத்து அனுப்பியிருந்தாலும் பாகுபாடுதான். ஆகவே யார் வந்து கேட்டாலும் நான் இரண்டு கேள்விகளைத்தான் திருப்பிக் கேட்பேன்: முடிவு யார் கையில் இருந்தது? எதை வைத்து முடிவு செய்தார்? கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டும்தான் அடிப்படை.

1965-ல் ஐ.நா. சபை ஏற்றுக்கொண்ட இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. இனம், நிறம், வம்சம், நாடு அல்லது இனக்குழுப் பிறப்பு ஆகியவற்றின் பேரில் ஒருவரை ஒதுக்குவதோ, தடுப்பதோ, இன்னொருவருக்கு முன்னுரிமை தருவதோ அதில் அடங்கும். கெட்ட நோக்கம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. விளைவு அப்படி இருந்தாலும் போதும். இந்தியா 1968-ல் இதை ஏற்று உறுதி செய்தது. "நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலையே" என்பது பதில் ஆகாது.

"சாதியும் இனமும் ஒண்ணா? நம்ம ஊர்ல எல்லாரும் ஒரே நிறம், ஒரே பாஷைதானே?"

ஒன்று அல்ல. சாதி என்பது இனப் பிரிவு என்ற வாதத்தை அம்பேத்கரே மறுத்திருக்கிறார். ஒரே ஊரில், ஒரே மொழி பேசி, ஒரே சாயலில் இருப்பவர்களைத்தான் சாதி மேல் கீழாக அடுக்குகிறது. ஆனால் இரண்டும் வேலை செய்யும் முறை ஒன்றுதான்: நீங்கள் தேர்ந்தெடுக்காத, மாற்றவும் முடியாத ஒன்றை வைத்து உங்கள் எல்லையை வேறொருவர் தீர்மானிக்கிறார்.

சாதியை இனப் பாகுபாட்டோடு சேர்க்கக் கூடாது என்றே இந்திய அரசு சர்வதேச மேடைகளில் சொல்லி வருகிறது. 2001-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டிலும் இந்தச் சண்டை வந்தது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு, 'வம்சம்' என்பதில் சாதியும் அடங்கும் என்று 2002-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரமும் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. கடல் தாண்டிப் போனவர்களின் பெட்டிக்குள் சாதியும் போயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

"எங்க ஐயா பர்மாவுல எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவரு. அது இனப் பாகுபாடா, இல்ல நம்ம ஆளுக வட்டிக்குக் கொடுத்ததுக்கு வந்த வினையா?"

காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதியே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. ஆகவே இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. கேட்பவர் எப்போதும் இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்வார். இரண்டும் நடந்தது. பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் கடன். 1930-ல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்ததும் பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நகரத்தார் (வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கையில் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். 1938-ல் அது 25 சதவீதம் ஆனது. அடமானம் வைத்த நிலம் கைமாறியது. இழந்தவருக்கு அது இழப்புதான், அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. அதை மறைத்துவிட்டு நம் கண்ணீரை மட்டும் பேசுவது நேர்மை இல்லை.

ஆனால் அடி யார்மேல் விழுந்தது? 1930 மே மாதம் ரங்கூனில் தெலுங்குத் துறைமுகக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் இடத்தில் பர்மியர்களை அமர்த்திவிட்டு, வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியர்களை வெளியே அனுப்பினார்கள். கலவரம் வெடித்தது. வெட்டுப்பட்டவர்கள் ஒரு காணி நிலம்கூட இல்லாத கூலிகள். 1942-ல் ஜப்பான் படை வந்தபோது வசதி உள்ளவர்கள் கப்பல் பிடித்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியாக நடந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே செத்தார்கள். அந்த நடையிலும் ஐரோப்பியருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பிரித்ததை இங்கே தலைவர்கள் கண்டித்தார்கள். 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சிக்கு வந்து, 1964-ல் கடைகளை அரசுடைமை ஆக்கியபோது சுமார் 3 லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். தையல் மிஷின் வைத்திருந்தவரும் பெட்டிக்கடைக்காரரும் அதில் அடக்கம். ஒருவர் செய்த வரவு செலவுக்கு அவர் பிறந்த கூட்டம் முழுவதையும் பொறுப்பாக்கியதுதான் இனப் பாகுபாடு. உங்கள் ஐயாவுக்கு நடந்தது அதுதான்.

பின்கதை ஒன்றும் உண்டு. 1982-ல் பர்மா கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், 1823-க்கு முன்பே அந்த மண்ணில் இருந்த இனக்குழுக்களுக்குத்தான் முழுக் குடியுரிமை என்றது. அங்குள்ள ரோஹிங்யா முஸ்லிம்கள் நாடற்றவர்களாக நிற்பதற்கு அந்தச் சட்டம் பெரிய காரணம். நம்மைத் துரத்திய அதே கணக்குதான் அவர்களையும் துரத்தியது.

"சிங்கப்பூர்ல ரூம் தேடுறப்போ 'இந்தியர் வேண்டாம்'னு போடுறாங்களாமே? அங்க சட்டம் ஒண்ணும் கிடையாதா?"

போடுகிறார்கள். வீட்டு முகவர்கள் இனத்தைக் குறிப்பிட்டு விளம்பரம் செய்யக் கூடாது என்று அறிவுறுத்தல் இருக்கிறது. அதனால் விளம்பரத்தில் எழுதாமல் போனில் சொல்வதும் நடக்கிறது. சமையல் வாசனையைக் காரணம் காட்டுவார்கள். நீங்கள் என்ன சமைப்பீர்கள் என்று கேட்காமலேயே முடிவு செய்தார் என்றால், எதை வைத்து முடிவு செய்தார் என்பது தெரிந்துவிட்டது. தனியார் ஒருவர் வாடகைக்கு மறுப்பதைத் தண்டிக்கத் தனிச் சட்டம் அங்கே இல்லை.

அரசு அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. ஒவ்வொரு பிளாக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எத்தனை சதவீதம் இருக்கலாம் என்று வரம்பு. ஒரே இனத்தார் ஒதுங்கி ஒரு பேட்டையாக ஆகிவிடக் கூடாது என்பது நோக்கம்; அது நடந்திருக்கிறது. பக்கவிளைவும் உண்டு. வரம்பு நிறைந்த பிளாக்கில் ஓர் இந்தியர் வீட்டை விற்கப் போனால், வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை சுருங்கி விலை குறைகிறது. நல்ல நோக்கத்தின் செலவைச் சிறுபான்மையினர் கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்று அங்குள்ள தமிழர்களே சொல்வது நியாயமான குறை.

வேலைக்கு 2025 ஜனவரியில் பணியிட நியாயச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததும், இனம், மதம், மொழி, நாடு, வயது, பாலினம் போன்றவற்றை வைத்து வேலைக்கு எடுப்பதிலும் நீக்குவதிலும் பாகுபாடு காட்டுவதை அது தடுக்கும். 25 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. நம் பிள்ளைகள் பலர் போவது அப்படிப்பட்ட சின்ன நிறுவனங்களுக்குத்தான். போகும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"அங்க தமிழரே ஜனாதிபதியா இருக்காரு. அப்புறம் என்ன பாகுபாடு?"

தர்மன் சண்முகரத்தினம் 2023-ல் 70.4 சதவீத வாக்கு வாங்கி ஜெயித்தார். சீனர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் அது பெரிய விஷயம், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் உச்சியில் ஒருவர் ஏறியதை வைத்து, அறை தேடி அலையும் வெல்டருக்குக் கதவு திறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இங்கே தலித் சமூகத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன் 1997-ல் குடியரசுத் தலைவர் ஆனார். கிராமத்து டீக்கடையில் தனி டம்ளர் அதே வருடம் போய்விட்டதா என்று யோசித்துப் பாருங்கள்.

"பேரைப் பார்த்தே விண்ணப்பத்தைத் தூக்கிப் போட்டுருவாங்களா? நெஜமாவா?"

சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஒரே தகுதி உள்ள சுமார் 5,000 விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். 2004-ல் முடிவு வெளியானது. வெள்ளையர் பெயர் போட்டவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயர் போட்டவற்றைவிட 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது.

இந்தியாவில் சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற ஆய்வாளர்கள் இதே சோதனையைத் தனியார் நிறுவனங்களிடம் நடத்தி 2007-ல் வெளியிட்டார்கள். 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. யாரும் யாரையும் திட்டவில்லை, யாரும் யாரையும் பார்க்கக்கூட இல்லை. முதல் கேள்வியில் சொன்னேனே, அதன் சுத்தமான வடிவம் இது.

தமிழ்நாட்டில் நமக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறப்பதென்று முடிவெடுத்தார்கள். அந்த வழியில் வந்ததால் நம் விண்ணப்பத்தில் பெயரும் இனிஷியலும் மட்டும் இருக்கிறது. வட இந்தியாவில் இது இன்றும் அதிசயம். அதனால் இங்கே பேச்சில் தோண்டுகிறார்கள். "எந்த ஊரு?" என்று தொடங்கும். "அங்க எந்தத் தெரு?" "யாரு வீட்டுப் பையன்?" "குலசாமி எது?" மூன்றாவது கேள்வியில் கேட்டவருக்கு விடை கிடைத்திருக்கும். என்னிடம் வந்த ஒரு பெண், பி.காம். முடித்து டேலி படித்தவர், நேர்காணலில் கணக்கு சம்பந்தமாக ஒரு கேள்வியும் வரவில்லை என்றார். தெருவைத்தான் கேட்டார்களாம். "சொல்லி அனுப்புறோம்" என்று அனுப்பினார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

"மலேசியாவுல பூமிபுத்ரா, இங்க இட ஒதுக்கீடு. ரெண்டும் ஒண்ணுதானே? அதைத் தப்புன்னா இதுவும் தப்புதானே?"

பினாங்கிலோ ஈப்போவிலோ சொந்தக்காரர் உள்ள வீடுகளிலிருந்து இது கட்டாயம் வரும். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு 1971-ல் மலேசியா புதிய பொருளாதாரக் கொள்கையைக் கொண்டுவந்தது. இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது ஒரு குறிக்கோள். தொழில் மூலதனத்தில் 30 சதவீதத்தை மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்கள் (மண்ணின் மைந்தர் என்று அரசு வகுத்தவர்கள்) கைக்குக் கொண்டுவருவது மற்றது. அன்று மலாய்க்காரர்களில் பெரும்பாலோர் ஏழைகளாகவே இருந்தார்கள். அவர்களைத் தூக்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் பிழையில்லை.

"அங்கே பெரும்பான்மைக்குச் சலுகை, இங்கே சிறுபான்மைக்குச் சலுகை, அதனால் வேறு" என்று சிலர் சொல்வார்கள். அந்த வாதம் நிற்காது. தமிழ்நாட்டில் 69 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் உள்ளவர்கள் மக்கள்தொகையில் பெரும்பான்மைதான். உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என்று, எந்தச் சமூகம் எந்த அளவு பின்தங்கியது என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். பிரித்ததில் விடுபட்டால் உள்ளுக்குள்ளும் பிரிக்கிறார்கள். 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது அப்படித்தான். மீதி 31 சதவீதம் யாருக்கும் மூடியதில்லை.

மலேசியாவில் மெட்ரிகுலேஷன் கல்லூரி இடங்களில் 90 சதவீதம் பூமிபுத்ராக்களுக்கு. ரப்பர் தோட்டம் துண்டாடப்பட்டபோது வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் போன தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை, அதைவிட ஏழையே இல்லை என்றாலும், அந்த 90-க்குள் வர முடியாது. பின்தங்கியவரைத் தேடிப் போக வேண்டிய ஏற்பாடு, பிறப்பில் போய் நின்றுவிட்டது. 2007 நவம்பர் 25-ல் கோலாலம்பூரில், மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணிக்கு அத்தனை ஆயிரம் பேர் வந்ததற்கு இந்த அடைபட்ட உணர்வு காரணம்.

"இன்னும் எத்தனை தலைமுறைக்குத்தான் ஒதுக்கீடு? எங்க தாத்தா செஞ்சதுக்கு நான் ஏன் இடத்தை விடணும்?"

கோபத்தோடு கேட்பவர்களையும் நான் உட்கார வைத்துத்தான் பேசுவேன். 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் சிலர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். காரைக்குடியும் தேவகோட்டையும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை கூடாது, குடையும் செருப்பும் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது. மீறினால் குடிசை எரிந்தது. 1931 ஜூனில் பதினொரு தடைகள் வந்தன. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மாடு மேய்க்கத்தான் வேண்டும், சொந்த நிலம் வைத்திருந்தால் விற்றுவிட வேண்டும் என்பவை அதில் உண்டு. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்த ஆண்டில் எட்டு வயதாக இருந்து மாட்டுக்குப் பின்னால் அனுப்பப்பட்ட பிள்ளையின் பேத்திதான் இன்று 'முதல் பட்டதாரி' சான்றிதழுக்கு என் முன்னால் நிற்கிறாள். மூன்று தலைமுறை ஆயிற்று என்பார்கள். அதில் படிக்க விட்டது எத்தனை? உங்கள் தாத்தா தடை போட்டவராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் தடை இல்லாமல் படித்தவர். அவர் வாங்கிய நிலமும், அவருக்குத் தெரிந்த மனிதர்களும், வீட்டில் இருந்த புத்தக அலமாரியும் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பொதுப்பிரிவில் இருக்கும் ஏழைப் பிள்ளையின் கஷ்டமும் கஷ்டம்தான். மத்திய அரசின் கல்வி நிலையங்களிலும் வேலைகளிலும் 2019 முதல் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவீதம் உண்டு. தகுதி இருந்தால் வாருங்கள், அந்தச் சான்றிதழுக்கும் நானே எழுதித் தருகிறேன்.

"கண்டதேவித் தேர்தான் ஓடிருச்சே? இன்னும் என்ன பிரச்சினை?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தேவகோட்டை அருகே கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயிலில் ஆனித் தேர்வடத்தை ஆதிதிராவிடர்களும் பிடிக்கலாமா என்று 1998-ல் எழுந்த பிரச்சினை நீதிமன்றம் போனது. தேர் பல ஆண்டுகள் நிலையை விட்டு நகரவில்லை. உயர் நீதிமன்றம் தலையிட்டு, பலத்த போலீஸ் காவலோடு 2024 ஜூனில் ஓடியது. ஓடியதில் எனக்குச் சந்தோஷம். அதே வடத்தைப் பிடித்த இரண்டு பிள்ளைகளும் தேவகோட்டையில் ஒரே கடையில் ஒரே சம்பளத்துக்கு வேலை கேட்கும்போது என்ன நடக்கிறது என்று அடுத்ததாகப் பார்க்க வேண்டும்.

"காரைக்குடியிலயே வீடு கேட்டா 'நீங்க என்ன ஆளுக'ங்கிறாங்க. கேஸ் போட முடியுமா?"

நீங்கள் பட்டியல் சாதியினர் என்றால் வழி இருக்கிறது. 1955-ம் ஆண்டின் குடிசார் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பதையும் குற்றமாக வைத்திருக்கிறது. சாதிப் பெயர் சொல்லிப் பிறர் பார்வையில் இழிவுபடுத்தினால் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். அதில் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018-ல் திருத்தம் செய்தார்கள். டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர் புலனாய்வு செய்ய வேண்டும்.

சட்டத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். தனியார் ஒருவர் வேலையோ வாடகையோ மறுப்பதை எல்லாச் சமூகத்துக்கும் பொதுவாகத் தடுக்கும் ஒரு பாகுபாடு எதிர்ப்புச் சட்டம் இந்தியாவில் இல்லை. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு அரசைக் கட்டுப்படுத்துகிறது. கடை, ஓட்டல், கிணறு, குளம் போன்ற பொது இடங்களுக்கும் பொருந்துகிறது. முஸ்லிம் என்பதற்காக ஒருவருக்கு வீடு மறுத்தால் புகார் கொடுக்கச் சரியான பிரிவைத் தேட வேண்டியிருக்கிறது. பெரிய ஓட்டை இது. சிங்கப்பூரில் சட்டம் இல்லையா என்று கேட்டு ஆத்திரப்படும் நாம் இங்கே அதைக் கேட்டதே இல்லை.

"எங்க ஊர்ல நகரத்தார் பத்து வீடுதான். அவங்களும் சிறுபான்மைதானே?"

எண்ணிக்கையில் ஆமாம். சட்டத்தில் சிறுபான்மை என்பது முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, 2014 முதல் சமணர். கூடவே மொழிச் சிறுபான்மையினர். பாகுபாட்டைப் பற்றிப் பேசும்போது எண்ணிக்கை முக்கியமில்லை, முதல் பதிலில் உள்ள முதல் கேள்விதான் முக்கியம்: முடிவு யார் கையில்? ரங்கூனில் 1964-ல் அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. இதே மண்ணில் அதே சமூகத்தார் கல்லூரியும் பல்கலைக்கழகமும் கட்டினார்கள். அழகப்பச் செட்டியார் 1947-ல் தொடங்கிய கல்லூரியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்தார்கள். அவர் கொடுத்த நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. ஒரே சமூகம் ஓரிடத்தில் பாகுபாட்டுக்கு ஆளாகலாம், இன்னோரிடத்தில் கதவைத் திறக்கவோ மூடவோ கூடிய இடத்தில் இருக்கலாம்.

"நாங்க வேதத்துக்கு மாறிட்டோம். எஸ்.சி. சான்றிதழ் கிடைக்குமா?"

கிறிஸ்தவராக மாறியவருக்குக் கிடைக்காது. 1950-ம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும்தான். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் கிடைக்கும். சேரியும் மாறவில்லை, கல்லறையில்கூடத் தடுப்புச் சுவர் இருக்கிறது, சான்றிதழ் மட்டும் மாறிவிட்டது என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் சொன்னது நியாயம் என்றே நினைக்கிறேன். சட்டம் மாற வேண்டும். அதுவரை, வீட்டில் ஒரு மதம், படிவத்தில் ஒரு மதம் என்று எழுதாதீர்கள். பின்னால் வேலையே போகும்.

"நான் முகாம்ல பொறந்தவன். பன்னிரண்டாவதுல நல்ல மார்க். எனக்கு எதுக்கு வழி இருக்கு?"

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பிள்ளைகள் கல்லூரியில் சேரலாம், மாநில அரசின் கல்வி உதவியும் உண்டு. அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும், அங்கேதான் முட்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகள்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. உங்கள் அப்பாவோ அம்மாவோ 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அந்தப் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள். ஒரு காகிதத்தால் குடும்பத்தின் நிலையே மாறலாம். வக்கீலிடம் காட்டாமல் எங்கேயும் ஒப்படைக்காதீர்கள்.

"வடக்கத்திப் பசங்க வந்து நம்ம வேலையெல்லாம் பிடுங்கிட்டாங்க. அதைச் சொன்னா நாங்க இனவெறியரா?"

கூலி குறைகிறது என்று சொல்வதில் தவறில்லை. கூலியை நிர்ணயிப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். புதுவயல் அரிசி ஆலையிலோ கட்டட வேலையிலோ பீகார் இளைஞரைக் குறைந்த கூலிக்கு, வேலை நடக்கும் இடத்திலேயே தங்க வைத்து, நேரம் காலமில்லாமல் வேலை வாங்குவது அந்த இளைஞரின் முடிவு அல்ல. ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குத் தரும் கூலியை அவருக்கும் தர வேண்டும் என்று 1979-ம் ஆண்டே சட்டம் வந்தது. அதைக் கேட்டால் உங்கள் கூலியும் காப்பாற்றப்படும்.

மூன்றாவது கேள்வியில் எழுதிய ரங்கூன் துறைமுகத்தை இன்னொரு முறை படியுங்கள். அங்கே தெலுங்குக் கூலிக்கும் பர்மியக் கூலிக்கும் நடுவில் யார் லாபம் பார்த்தார்கள்? 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோய் ரயில் நிலையங்களில் கூட்டம் சேர்ந்தது. பீகார் அதிகாரிகளே வந்து பார்த்துப் பொய் என்று சொன்னார்கள். அந்த ரயில் நிலையத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த பையனுக்கும் 1964-ல் கப்பலேறிய நம் ஐயாவுக்கும் பயம் ஒன்றுதான்.

"பள்ளிக்கூடத்துல பிள்ளையைக் 'கருவாயா'ன்னு கூப்பிடுறாங்க. இதெல்லாம் பெருசு பண்ணணுமா?"

பண்ணுங்கள். ஆசிரியரிடம் வாயால் சொல்வதோடு விடாமல் தலைமை ஆசிரியருக்குத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதிப் பள்ளி மாணவனை சகமாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்பவை அதில் உண்டு. வெட்டு வரை போன எதுவும் பட்டப்பெயரில்தான் தொடங்கியிருக்கும்.

"எனக்குப் பாகுபாடுன்னு மனசுல படுது. ஆனா உறுதியாச் சொல்ல முடியலை. என்ன பண்றது?"

மிகக் கஷ்டமான கேள்வி இதுதான். வேலை கிடைக்காததற்கு மதிப்பெண் காரணமாக இருக்கலாம், அனுபவம் காரணமாக இருக்கலாம். எல்லா மறுப்பும் பாகுபாடு இல்லை. ஆனால் சந்தேகத்தோடு வாழ்வதே ஒரு பாரம். பாகுபாடு காட்டாதவரின் 'இல்லை'யைக்கூட நம்ப முடியாமல் ஆகிவிடுகிறது.

முதலில் அன்றைக்கே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், யார், என்ன சொன்னார், கூட யார் இருந்தார்கள். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், உங்கள் விளக்கத்தைக் கலக்காதீர்கள். வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். வேலை என்றால், எந்தத் தகுதி குறைந்தது என்று மரியாதையாக மின்னஞ்சலில் கேளுங்கள். வீடு என்றால், ஒரு நண்பரை அதே வீட்டுக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். காலையில் உங்களிடம் "ஆளு வந்தாச்சு" என்றவர் மதியம் அவருக்குச் சாவியைக் காட்டினால், பெயரை மாற்றி விண்ணப்பம் அனுப்பிய ஆய்வாளர்கள் செய்த சோதனையை நீங்களும் செய்துவிட்டீர்கள்.

அதன்பின் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. அடுத்த மாத வாடகையும் தங்கச்சி கல்யாணமும் உங்கள் தலையில் இருக்கின்றன. கொடுக்காதவரை நான் குறை சொல்ல மாட்டேன். கொடுப்பதானால் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 14566 என்ற எண்ணை அழைக்கலாம். அவர்களுக்கும் எல்லாப் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும். அந்த எண் 15100. எழுதி வைத்த காகிதத்தின் நகலைக் கொடுங்கள். அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.